கேபிள் சொல்வதைத்தான் கார் நம்பும்: வாசகர் கேள்வி – பதில்

மின்சாரக் காரை வீட்டிலேயே சார்ஜ் செய்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் இறக்குமதி கேபிள்களைச் சுற்றியே எல்லாம் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: கார் கம்பெனி கேபிளின் பாதி விலைக்கு இணையத்தில் இறக்குமதி கேபிள் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் டைப் 2 கனெக்டர், நடுவில் செம்புக் கம்பி. இதில் ஆபத்து எங்கிருந்து வரும்?

பதில்: மின்சாரம் போகும் கம்பிகளோடு, பேச்சு போகும் கம்பியும் அதற்குள் இருக்கிறது. ஆபத்து பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான் ஒளிந்திருக்கும்.

டைப் 2 கனெக்டரின் முகத்தைத் திருப்பிப் பாருங்கள். மொத்தம் ஏழு துளைகள். பெரியவை ஐந்து: மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், நடுநாயகமாக எர்த். மேல் வரிசையில் சிறியவை இரண்டு. அவற்றில் ஒன்று பைலட். கார் இணையாதபோது அதில் 12 வோல்ட் நிலையாக நிற்கும். கார் தன் பக்கத்து மின்தடையால் அதை 9 வோல்ட்டுக்கு இறக்கினால் ‘இணைந்துவிட்டேன்’ என்று பொருள். சார்ஜர் உடனே அந்த வோல்ட்டேஜை நொடிக்கு 1000 முறை துடிக்கவிடும். துடிப்பின் அகலம்தான் செய்தி: 10 சதவீதம் என்றால் 6 ஆம்பியர், 26.7 சதவீதம் என்றால் 16 ஆம்பியர், 53.3 சதவீதம் என்றால் 32 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம். கார் 6 வோல்ட்டுக்கு இறக்கினால் ‘கொடு’ என்று அர்த்தம். அப்போதுதான் ரிலே என்கிற உள் சுவிட்ச் மூடி, அதாவது இணைந்து, 230 வோல்ட் கேபிளுக்குள் வரும்.

இன்னொரு சிறிய துளை பிராக்சிமிட்டி. அதற்கும் எர்த்துக்கும் நடுவே கனெக்டருக்குள் ஒரு குட்டி மின்தடை இருக்கும். அதுதான் கேபிளின் தகுதிச் சீட்டு. 1500 ஓம் என்றால் 13 ஆம்பியர் கேபிள், 680 ஓம் என்றால் 20, 220 ஓம் என்றால் 32, 100 ஓம் என்றால் 63. கார் தன் பக்கத்தில் இந்த எண்ணைப் படிக்கிறது. சுவரில் மாட்டிய சார்ஜர் தன் பக்கத்தில் படிக்கிறது. உறைக்குள் இருக்கும் செம்பு எவ்வளவு தடிமன் என்று தெரிந்துகொள்ள இருவருக்கும் வேறு வழியே கிடையாது.

இப்போது யாரோ 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டு, முனையில் 220 ஓம் மின்தடையை வைத்து, ‘32 ஆம்பியர்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார் என்று வையுங்கள். கார் நம்பி 32 ஆம்பியர் இழுக்கும். 5 மீட்டர் கேபிளில், போகவரக் கணக்கிட்டால், 6 சதுர மில்லிமீட்டர் கம்பி சுமார் 34 வாட் வெப்பமாக விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி 80 வாட்டுக்கு மேல் விடும். நீட்டிப் போட்டால் கொஞ்சம் தாங்கும். சுருட்டியபடி ஒரு மூலையில் கிடந்தால் அந்த வெப்பம் போக வழி இருக்காது. மின்தடையின் விலை ஒன்றுமேயில்லை; செம்புக்குத்தான் காசு. விலையைக் குறைக்க நினைப்பவர் எங்கே கை வைப்பார் என்று இதிலேயே தெரிகிறது.

கேள்வி: ஏற்கெனவே வாங்கிவிட்டேன். உள்ளே சரியான கம்பி இருக்கிறதா என்று வெட்டாமல் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். காரிலிருந்தும் சார்ஜரிலிருந்தும் உருவி, கேபிளைத் தனியே வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

முதலில் எடை. செம்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம். எனவே 6 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 54 கிராம் இருக்கும். ஒற்றை பேஸ், 32 ஆம்பியர், 5 மீட்டர் கேபிளில் பேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று கம்பிகள். செம்பு மட்டுமே 800 கிராம் வர வேண்டும். அதன் மேல் தடித்த உறையும் இரண்டு கனெக்டர்களும் இருக்கின்றன. சமையலறைத் தராசில் மொத்தமும் ஒரு கிலோவைத் தாண்டத் தயங்கினால் உள்ளே அந்தச் செம்பு இல்லை. செம்பு முலாம் பூசிய அலுமினியமாகவும் இருக்கலாம். அதன் எடை செம்பில் பாதிகூட வராது. மின்தடையோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

அடுத்து உறையின் மேல் உள்ள எழுத்து. ஒழுங்கான கேபிளில் மீட்டர் கணக்கில் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். 3ஜி6 என்று இருந்தால் எர்த்தையும் சேர்த்து மூன்று கம்பி, ஒவ்வொன்றும் 6 சதுர மில்லிமீட்டர். 3ஜி2.5 என்றால் அது 16 ஆம்பியருக்கான கேபிள், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஒன்றுமே அச்சாகாத வழவழ உறையைக் கண்டால் எங்களுக்கு நம்பிக்கை வருவதில்லை.

மூன்றாவது மல்டிமீட்டர். ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை நடுவில் உள்ள எர்த்திலும் மறுமுனையைச் சிறிய துளைகளில் ஒவ்வொன்றாகவும் வையுங்கள். இரண்டு பக்கமும் டைப் 2 உள்ள கேபிளில் ஒரு துளை எதுவும் காட்டாது, அது பைலட். மற்றது 220 அல்லது 680 என்று, சில ஓம் முன்னே பின்னே, காட்டும். காரின் பக்கம், சார்ஜரின் பக்கம் இரண்டையும் அளங்கள். ஒரு பக்கம் 220, மறுபக்கம் 680 என்று வந்தாலோ, 3ஜி2.5 என்று அச்சான கேபிளில் 220 வந்தாலோ, அந்தக் கேபிள் பொய் சொல்கிறது. திருப்பி அனுப்புங்கள்.

கம்பியின் மின்தடையைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்க முடியாது. 5 மீட்டர் நீள 6 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 16, 17 மில்லிஓம்தான் வரும், 2.5 என்றால் 40. இந்த வித்தியாசத்தைப் பிடிக்க நான்கு முனை மில்லிஓம் மீட்டர் வேண்டும். அது உள்ள எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு நிமிட வேலை.

கேள்வி: சாதாரண வீட்டுப் பிளக்கில் செருகும், நடுவில் (சார்ஜரின் வேலையைச் செய்யும்) பெட்டி வைத்த கேபிள் என்னுடையது. ஒரு மணி நேரத்தில் பிளக் சுடுகிறது. ஆனால் எம்.சி.பி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) ஒருமுறைகூட விழவில்லை. அப்படியானால் எல்லாம் சரிதானே?

பதில்: சரியில்லை. உடனே சார்ஜிங்கை நிறுத்துங்கள்.

எம்.சி.பி பார்ப்பது மின்னோட்டத்தை மட்டுமே. 16 ஆம்பியர் எம்.சி.பி வழியாக 16 ஆம்பியர் போனால் அதன் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. மின்கசிவைப் பிடிக்கும் ஆர்.சி.சி.பியும் அப்படியே. போன மின்சாரம் திரும்பி வருகிறதா என்றுதான் அது பார்க்கும். பிளக்கின் உலோகப் பின்னும் சாக்கெட்டின் பித்தளையும் சரியாகக் கவ்வாமல் அந்த ஒரு புள்ளி மட்டும் கொதிப்பதை இரண்டுமே அறியாது.

அந்தப் புள்ளியில் நடப்பது எளிய கணக்கு: மின்னோட்டத்தின் வர்க்கம், பெருக்கல் மின்தடை. தளர்ந்த தொடர்பில் 0.05 ஓம் இருக்கிறது என்று கொள்ளுங்கள். 16 ஆம்பியரில் 256 பெருக்கல் 0.05, அதாவது 12.8 வாட். சிறிய சாலிடரிங் அயர்ன் ஒன்று 15 வாட்தான். அதைக் கொண்டுபோய் நகக்கண் அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்குள், விடிய விடிய வைத்திருக்கிறீர்கள். வெப்பத்தில் சாக்கெட்டின் ஸ்பிரிங் தகடு இளகும், பிடி தளரும்; பித்தளை கறுத்து மின்தடை கூடும்; அதனால் இன்னும் சூடு கூடும். வயரின் சாதாரண பி.வி.சி உறை 70 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் தாங்கக் கூடியது.

மிக்சி சில நிமிடம் ஓடும். இஸ்திரிப் பெட்டி அணைந்து அணைந்து எரியும். வீட்டு சாக்கெட்டை முழுச் சுமையில் பத்து மணி நேரம் ஓயாமல் உழைக்க வைக்கிற பொருள் கார் ஒன்றுதான். 40 கிலோவாட் மணி பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற 24 கிலோவாட் மணி வேண்டும். 10 ஆம்பியரில் கிடைப்பது 2.3 கிலோவாட். இழப்பையும் சேர்த்தால் 11 மணி நேரத்துக்குக் குறையாது.

தவறு உங்கள் கேபிளிலும் இருக்கலாம், சுவரிலும் இருக்கலாம். மலிவுக் கேபிளில் அடிக்கடி காணும் கோளாறு, பின்னோடு வயரை அழுத்திச் சேர்த்த இடம் பிளாஸ்டிக்குக்குள் தளர்ந்திருப்பது. வெளியிலிருந்து அது தெரியாது. பின்னுக்கு அருகே காந்தத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒட்டினால் பித்தளைக்குப் பதில் இரும்பு. சுவர்ப் பக்கம் என்றால் சாக்கெட்டின் திருகு தளர்ந்திருக்கும், அல்லது பழைய சாக்கெட் பிடிப்பை இழந்திருக்கும். பிளக்கை உருவும்போது விரலுக்கு எதிர்ப்பே தெரியாமல் வழுக்கி வந்தால் அந்த சாக்கெட் போய்விட்டது என்று அர்த்தம். மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனை விட்டுத் திறக்கச் சொல்லுங்கள். பழுப்பேறிய பிளாஸ்டிக்கோ கருகிய வாடையோ இருந்தால் சாக்கெட்டோடு பிளக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். சாக்கெட்டை மட்டும் மாற்றினால் கருகிய பழைய பிளக் புது சாக்கெட்டையும் கெடுக்கும்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. நடுவில் உள்ள பெட்டி சுவர் சாக்கெட்டிலிருந்து அந்தரத்தில் தொங்கினால் அதன் எடை முழுவதும் பிளக்கைக் கீழே இழுக்கும். பின்கள் சாய்ந்து, மேல் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். சாக்கெட்டின் பக்கத்தில் ஒரு கொக்கி அடித்துப் பெட்டியை அதில் மாட்டுங்கள்.

நல்ல கேபிள்களில் சுவர்ப் பிளக்குக்கு உள்ளேயே வெப்ப உணரி இருக்கும். சூடேறினால் பெட்டி மின்னோட்டத்தைக் குறைக்கும், அல்லது நிறுத்தும். பெட்டிக்குள் மட்டும் உணரி வைத்துவிட்டு ‘அதிவெப்பப் பாதுகாப்பு’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் உண்டு. தீப்பற்றும் இடம் பிளக். உணரி இருக்க வேண்டிய இடமும் அதுவே. வாங்கும்முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பெட்டியில் 6, 8, 10, 13, 16 என்று மாற்றும் பட்டன் இருக்கிறது. எதில் வைப்பது?

பதில்: வீட்டு சாக்கெட் என்றால் 10, அல்லது அதற்குக் கீழே. 16-லிருந்து 10-க்கு இறக்கினால் தொடர்பில் உண்டாகும் வெப்பம் 100-க்கு 39 ஆகக் குறையும். நேரம் கூடும், பரவாயில்லை, இரவு நீளமானதுதான்.

அந்தப் பட்டனே ஓர் எச்சரிக்கைதான். ஒழுங்காக வடிவமைத்த பெட்டியில் கழற்றி மாட்டும் பிளக் அடாப்டருக்குள்ளேயே அடையாளம் இருக்கும். வீட்டுப் பிளக்கை மாட்டினால் பெட்டி தானாகவே 10-க்குள் அடங்கும். தொழிற்சாலைகளில் பயன்படும் வட்டமான நீலப் பிளக்கை மாட்டினால்தான் 16-க்கோ 32-க்கோ போகும். எந்தப் பிளக்கை மாட்டினாலும் பட்டனை அழுத்தி 32 வரை ஏற்றலாம் என்றால், குழந்தை கை பட்டாலும் வீட்டு வயரிங் மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி இருக்கிறது. கேபிள் பெட்டிக்குள் மின்கசிவுப் பாதுகாப்பு இல்லாவிட்டால் என்ன?

பதில்: வீட்டில் இருப்பது எந்த வகை என்று முதலில் பாருங்கள். காரில் கசிவு ஏற்பட்டால் அது ஏ.சியாக மட்டும் இருக்காது. காரின் சார்ஜர் ஏ.சியை டி.சியாக மாற்றுகிறது, எனவே நேர்மின்னோட்டமும் கசியலாம். ‘ஏ.சி’ வகை ஆர்.சி.சி.பியின் இரும்பு வளையம் அந்த டி.சியில் தெவிட்டிப்போய், பிறகு உண்மையான ஏ.சி கசிவு வந்தாலும் உணராமல் இருந்துவிடும். அதே ஆர்.சி.சி.பியின் கீழே வேறு சர்க்யூட்டுகள் இருந்தால் குளியலறை ஹீட்டருக்கும் பாதுகாப்பு போச்சு. ‘ஏ’ வகை 6 மில்லிஆம்பியர் டி.சி வரை சமாளிக்கும்.

அதனால்தான் பெட்டி வைத்த கேபிளுக்கான ஐ.இ.சி 62752 தரம், 30 மில்லிஆம்பியர் பாதுகாப்போடு 6 மில்லிஆம்பியர் டி.சியையும் கண்டுபிடித்துத் துண்டிக்க வேண்டும் என்கிறது. இந்த எண்ணைப் பெட்டியின் தகட்டில் தேடுங்கள். இல்லாத பெட்டிகளைத் திறந்தால் ஒரு ரிலே, ஒரு குட்டி போர்டு, பைலட் துடிப்பை உண்டாக்கும் சில்லு, அவ்வளவுதான் இருக்கும். கார் என்னவோ அதிலும் சார்ஜ் ஆகும். ‘சார்ஜ் ஆகிறதே’ என்பது பாதுகாப்புக்குச் சாட்சி ஆகாது.

பெட்டியில் டெஸ்ட் பட்டன் இருந்தால் மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கார் போலவே நடிக்கும் சோதனை அடாப்டர் ஒன்று இருக்கிறது. அதை கனெக்டரில் மாட்டி 9 வோல்ட், 6 வோல்ட் நிலைகளையும் எர்த் அறுந்த நிலையையும் வேண்டுமென்றே உண்டாக்கி, பெட்டி சரியாகத் துண்டிக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் சோதிக்கலாம். புதிதாக வாங்கிய கேபிளுக்கு இந்தச் சோதனையைச் செய்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

கேள்வி: கம்பெனி கேபிளைச் செருகினால் ‘எர்த் கோளாறு’ விளக்கு எரிகிறது, சார்ஜ் ஆவதில்லை. மலிவுக் கேபிளில் மட்டும் சார்ஜ் ஆகிறது. பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிட்டால் கம்பெனி கேபிளும் வேலை செய்யும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கம்பெனி கேபிள் சரியாகவே சொல்கிறது: உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லை, அல்லது மோசமாக இருக்கிறது. மலிவுக் கேபிள் அதைப் பார்க்கவே இல்லை. எர்த் இல்லாமல் சார்ஜ் ஆகும் காரின் உடல், உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாக, மின்சாரத்தின் பாதி வோல்ட்டேஜ் வரை மிதக்கும். வெறுங்காலோடு கதவைத் தொட்டால் சுருக்கென்று இழுப்பது அதனால்தான். அந்த அளவில் ஓடும் மின்னோட்டம் குறைவு. ஆனால் சார்ஜருக்குள் உண்மையான கோளாறு வந்த நாளில் மின்சாரம் போக எர்த் வழியே இருக்காது. தொட்டவர் வழியாகத்தான் போகும்.

நியூட்ரலை எர்த்தோடு இணைத்தால் விளக்கு அணையும், பெட்டி ஏமாறும். அதன்பின் எங்காவது நியூட்ரல் வயர் ஒன்று கழன்றால் போதும், 230 வோல்ட் முழுசாகக் காரின் உடலுக்கு வந்து நிற்கும். எம்.சி.பி விழாது. காரின் உடல் முழுக்க உலோகம். ஈரத் தரையில் நிற்கும் ஒருவர் கைப்பிடியைத் தொடக் காத்திருக்கும் நிலை அது. பேஸும் நியூட்ரலும் இடம் மாறிய சாக்கெட் என்றால் நியூட்ரல் அறுபடும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், செருகிய கணமே பேஸ் காரின் உடலில் இருக்கும்.

எர்த்தைச் சரிசெய்யுங்கள். சாக்கெட்டிலிருந்து மெயின் போர்டு வரை எர்த் வயர் அறுபடாமல் இருக்கிறதா, எர்த் குழியின் மின்தடை என்ன என்று எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள். அது முடியும்வரை இரண்டு கேபிளும் உள்ளேயே இருக்கட்டும்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு தொடர்பு இருந்த இடத்தில் இரண்டாகும். சூடாகும் இடமும் இரண்டாகும். உருளையில் சுற்றிய வகை இன்னும் மோசம், உள் சுற்றுகளின் வெப்பம் வெளியேறவே வழியில்லை. கார் நிற்கும் இடத்துக்குத் தனி சர்க்யூட் ஒன்று இழுப்பதே தீர்வு: போர்டிலிருந்து நேராக வயர், தனி எம்.சி.பி, தனி ஆர்.சி.சி.பி.

கேள்வி: சி.இ முத்திரை இருக்கிறது. போதாதா?

பதில்: சி.இ என்பது தயாரிப்பாளர் தானே கொடுத்துக்கொள்ளும் உறுதிமொழி. அதை அச்சடிக்க இந்தக் கேபிளை யாரும் வெளியிலிருந்து சோதித்திருக்க வேண்டும் என்பதில்லை. டி.யு.வி, வி.டி.இ, யு.எல் போன்ற சோதனைக்கூடங்களின் முத்திரை வேறு. அதற்குச் சான்றிதழ் எண் இருக்கும். அந்த எண்ணைக் கூடத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே வரும் மாடல் எண்ணும் உங்கள் பெட்டியின் தகட்டில் உள்ள மாடல் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தகட்டில் தயாரிப்பாளர் பெயரோ மாடல் எண்ணோ இல்லையென்றால் தேடுவதற்கே ஒன்றுமில்லை.

கேள்வி: மழையில் சார்ஜ் செய்யலாமா? கனெக்டர் தவறி தேங்கிய நீரில் விழுந்துவிட்டால்?

பதில்: காரில் செருகிய டைப் 2 கனெக்டர் மழைச் சாரலைத் தாங்கும்படியே செய்யப்பட்டது. பலவீனமான இடம் சுவர்ப் பக்கம்தான். வீட்டுப் பிளக்கும் சாக்கெட்டும் கூரைக்குக் கீழே, மூடியுள்ள பெட்டிக்குள் இருக்க வேண்டும். நடுப்பெட்டியில் ஐ.பி 67 என்று எழுதியிருந்தால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அதற்காகத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டியதில்லை.

கனெக்டர் நீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அழகான ஏற்பாடு ஒன்று உண்டு. காரின் பைலட் இணைப்பில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்று இருக்கிறது. துடிப்பின் மேல்பாதி 9 ஆகவோ 6 ஆகவோ இறங்கும்போது, கீழ்ப்பாதி மட்டும் −12 வோல்ட்டிலேயே நிற்க வேண்டும். தண்ணீரும் மின்தடைதான், அதுவும் வோல்ட்டேஜை இறக்கும். ஆனால் தண்ணீரில் டையோடு கிடையாது. இரண்டு பாதியும் சேர்ந்து இறங்கும். ‘இது கார் இல்லை’ என்று பெட்டி புரிந்துகொண்டு ரிலேயை மூடாது. இதற்குப் பெட்டி கீழ்ப்பாதியையும் படிக்க வேண்டும். மேல்பாதியை மட்டும் படிக்கும் மலிவுப் பெட்டி தண்ணீரைக் கார் என்று நினைத்து மின்சாரத்தைத் திறந்துவிடக்கூடும். மேலே சொன்ன சோதனை அடாப்டரில் இந்தக் கோளாறை உண்டாக்கிப் பார்க்கவும் வசதி இருக்கும். எலக்ட்ரீஷியனிடம் அதையும் கேளுங்கள்.

நனைந்த கனெக்டரை அப்படியே காரில் செருகாதீர்கள். வாய் கீழ்நோக்கி உதறி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, துளைகளில் மண் இல்லை என்று பார்த்தபிறகு செருகுங்கள். செருகும்போது முதலில் சுவர், பிறகு கார். எடுக்கும்போது முதலில் காரில் சார்ஜிங்கை நிறுத்தி, கனெக்டரை உருவி, கடைசியாகச் சுவர்ப் பிளக். ஓடும் சார்ஜிங்கில் சுவர்ப் பிளக்கைப் பிடுங்கினால் பொறி பறந்து பின்னில் குழி விழும். மறுநாள் அதே பிளக் சுட ஆரம்பிக்கும்.